சண்டை வரும் முன்பே சம்மதம் கொடுங்கள்

ஐ.நா. உறுப்பு நாடுகளின் அரசுகளுக்கு,

வணக்கம். நெதர்லாந்தின் ஹேக் நகரத்து அமைதி மாளிகையில் உங்களுக்காகவே ஒரு நீதிமன்றம் இருக்கிறது: சர்வதேச நீதிமன்றம். தனி மனிதரோ நிறுவனமோ அங்கே வழக்குப் போட முடியாது. நாட்டுக்கு எதிரே நாடு மட்டுமே நிற்கலாம். ஆனால் உங்களில் பெரும்பாலோர் இன்னும் அதன் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறீர்கள்.

சாதாரண வழக்கில் சம்மன் வந்தால் எதிராளி வந்தே ஆகவேண்டும். சர்வதேச நீதிமன்றத்தில் நீங்கள் சம்மதித்தால்தான் விசாரணையே. குறிப்பிட்ட ஒரு தகராறுக்கென்று இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வரலாம். ஏற்கெனவே கையெழுத்திட்ட உடன்படிக்கையில் அதற்கான ஷரத்து இருக்கலாம். இல்லையென்றால், 'இதே சம்மதத்தைத் தந்த எந்த நாடு வழக்குப் போட்டாலும் வருகிறேன்' என்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம். அப்படி அறிவித்திருப்பவை 193 நாடுகளில் 70 சொச்சம்தான், அதிலும் பல நாடுகள் விலக்குகளோடு. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் இன்று பிரிட்டன் மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆப்பிரிக்காவில் லிபியாவும் சாட் நாடும் அவுசூ என்ற பாலைநிலத்துக்காகப் பல ஆண்டுகள் மோதின. ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலம் அது. 1987-இல் நடந்த போரில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1989-இல் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: ஓராண்டு பேசிப் பார்ப்பது, முடியாவிட்டால் ஹேக். பேச்சு பலிக்கவில்லை, வழக்கு போனது. நீதிபதிகள், அன்று சாட் நாட்டை ஆண்டுகொண்டிருந்த பிரான்சும் லிபியாவும் 1955-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார்கள். எல்லை அப்போதே முடிவாகிவிட்டது, நிலம் சாட் நாட்டுக்கே என்று 1994 பிப்ரவரியில் 16-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். மே மாத இறுதிக்குள் லிபியப் படைகள் வெளியேறிவிட்டன. போருக்கு முன்பும் அந்த ஒப்பந்தம் அங்கேதான் இருந்தது. அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு முன்பே போயிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்!

தீர்ப்பை நிறைவேற்ற அந்த நீதிமன்றத்திடம் போலீஸ் இல்லையே என்பீர்கள். உண்மைதான். 1986-இல் நிகரகுவா தொடுத்த வழக்கில் தோற்ற அமெரிக்கா அதை ஏற்கவில்லை. தீர்ப்பை மதிக்கச் சொன்ன பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தையும் வீட்டோ செய்தது. ஆனால் பக்காசி தீபகற்பம் கேமரூனுக்கே என்று 2002-இல் தீர்ப்பானபோது, முதலில் முரண்டு பிடித்த நைஜீரியா, 2006-இல் ஐ.நா. முன்னிலையில் உடன்பாடு செய்துகொண்டு 2008-இல் ஒப்படைத்தது. ஆறு வருடம் ஆனது, சரி. போர் மூளவில்லை.

அந்நிய நீதிபதிகள் நம்மைப் புரிந்துகொள்வார்களா என்ற பயமும் இருக்கலாம். 15 பேர் கொண்ட அந்த அமர்வில் உங்கள் நாட்டவர் யாரும் இல்லையென்றால், அந்த வழக்குக்கு மட்டும் நீங்களே ஒரு நீதிபதியை நியமிக்க விதி இடம் தருகிறது.

சண்டை தொடங்கியபின் சம்மதம் கேட்டால், கை ஓங்கியிருப்பவர் வரமாட்டார். அதனால்தான் இப்போதே கேட்கிறேன். அந்த அறிவிப்புக்கு ஓரிரு பக்கம் போதும், ஐ.நா. பொதுச்செயலாளரிடம் கொடுத்தால் முடிந்தது. எல்லை அமைதியாக இருக்கும் இந்த ஆண்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

நம்பிக்கையுடன்,
உங்கள் குடிமக்களில் ஒருத்தி