முடிவு பார்க்காத நாடகங்கள்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸப்பில் ரெண்டு வரி போட்டால் முடிகிற விஷயத்தைத் தாளில் எழுதி முத்திரையும் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். தபால்காரப் பெடியன் சுவிஸ் முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இங்கே எல்லோரும் சுகம். மனுசிக்குத்தான் முழங்கால் வலி குறையவில்லை. டொக்டர் நடக்கச் சொல்கிறார், அவ நடக்கமாட்டேன் என்கிறா. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கூட்டக் கூட்ட வீடெல்லாம் மண்.

பென்சன் எடுத்தபிறகு என்ன செய்கிறாய், ரிவிதானா என்று கேட்டிருந்தாய். ரிவிதான். ஆனால் புதிதாக ஒன்றும் பார்ப்பதில்லை. பாதியில் விட்டவற்றைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யோசித்துப் பார், நீயும் நானும் திருகோணமலையில் இருந்துகொண்டு ஒரு தொடரையாவது தலையில் இருந்து வால்வரை பார்த்திருக்கிறோமா? நல்ல கட்டம் வரும்போது கரண்ட் போகும், இல்லையென்றால் ஊரடங்கு வரும். ரெண்டும் இல்லாத நாளில் அன்ரனா திரும்பிவிடும்.

அந்த அன்ரனாவை மறந்திருக்க மாட்டாய். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கி, கொஞ்சக் காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு ரிவி வந்தது. ஓடு பிரித்து ஏறுவது நீ, ஜன்னலில் நிற்பது நான், உள்ளே இருந்து ‘வருது, வருது, ஐயோ போட்டுது’ என்று கத்துவது உன் அக்கா. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் உப்புக்காற்று சும்மா விடுமா? வயர் பூட்டுகிற இடத்தில் வெள்ளையாய்ப் பூத்துவிடும். பிளேட்டால் சுரண்டி, திரும்ப முறுக்கிக் கட்டினால் ஒரு கிழமைக்குப் படம் தெளிவு. பிறகு பழையபடி புள்ளி மழை.

தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். மிச்ச நேரம் நாங்கள் பார்த்தது முழுக்கச் சிங்களம், அதுவும் வெளிநாட்டுப் படங்களையும் கார்ட்டூன்களையும் சிங்களத்தில் பேச வைத்த டைட்டஸ் தொட்டவத்தவின் சிங்களம். ‘தொஸ்தர ஹொந்தஹித’, விசர்ப் பூனைக்கு ‘பிஸ்ஸு பூஸா’, முயலுக்கு ‘ஹா ஹா ஹரி ஹாவா’. பள்ளிக்கூடத்துச் சிங்களப் புத்தகம் எனக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை. பின்னாளில் கந்தோரில் கொழும்பில் இருந்து வந்த பெரியவர்களோடு நான் கதைத்த சிங்களத்தில் பாதி, அந்த விசர்ப் பூனையிடம் படித்தது. ஒரு கணக்காளர் என்னை உற்றுப் பார்த்து, இந்தப் பேச்சை எங்கே பழகினாய் என்று கேட்டார். சொல்லவில்லை.

‘மால்குடி டேஸ்’ தொடரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஆர். கே. நாராயண் நம்மாள். அவர் எழுதியது ஆங்கிலத்தில். சங்கர் நாக் கர்நாடகத்தில் வைத்துப் படம் பிடித்தார், இந்தியாவில் அது ஹிந்தியில் ஓடியது. தொட்டவத்த அதைச் சிங்களத்தில் பேச வைத்தார். கடைசியில் திருகோணமலையில் பாயில் குந்தியிருந்த நம் கூட்டம் அதைத் தமிழில் விளங்கிக்கொண்டது. சுவாமி என்ற பெடியன் வாத்தியாருக்குப் பயந்து நிற்கிறதை விளங்கிக்கொள்ள எந்தப் பாஷை வேண்டும்? உன் அம்மம்மா ஒரு சொல்லும் தெரியாமல் எங்களுக்கே கதை சொல்லித் தந்தவ. அவ சொன்ன கதையும் படத்தில் ஓடிய கதையும் ஒன்றுதானா என்று இப்போது யூடியூப்பில் பார்க்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. ரெண்டிலும் எனக்குப் பிடித்தது அவவுடையது.

அப்புறம் ஜப்பான் தொடர் ஓஷின். ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படுகிற ஏழு வயதுப் பிள்ளை. ஆற்றிலே தெப்பம் போக, கரையோரம் தகப்பன் ஓடிவருகிற கட்டத்தில் உன் வீட்டு விறாந்தையே அழுதது. நாங்கள் அந்தக் கதையை நடுவில் இருந்து பிடித்து நடுவிலேயே விட்டவர்கள். போன மாதம் முதலில் இருந்து போட்டுப் பார்த்தேன். கதை அந்தப் பிள்ளையில் தொடங்கவே இல்லை மச்சான்! 1983இல், பெரிய கடைகளுக்குச் சொந்தக்காரியான எண்பது தாண்டிய கிழவி ஓஷின், புதுக்கடை திறக்கிற நாளில் ஒருத்தருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள். பேரன் தேடிப் போகிறான். அங்கே இருந்துதான் சின்ன வயது திரும்புகிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நாங்கள் நித்திரை கொள்ளாமல் கிடந்தோமே, அவள் பிழைத்துப் பணக்காரியாகி விட்டதை முதல் நாளே காட்டியிருக்கிறார்கள். ஒழுங்காய் முதலில் இருந்து பார்த்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டோம். அப்படிப் பார்க்காததும் ஒரு வகைக்கு நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கி வீட்டைப் பூட்டிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். நீ அப்படியே வெளியால் போய்விட்டாய். நாங்கள் திரும்பி வந்தபோது ரிவி இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கூரையில் அன்ரனாக் குழாய் அப்படியே நின்றது. எடுத்தவர்களுக்கு ஏறப் பஞ்சி போலிருக்கிறது.

உனக்குத் தெரியாத கதை 1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி, இலங்கையும் அவுஸ்திரேலியாவும். அதற்குள் ஒரு பழைய 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கியிருந்தேன், கார் பற்றறியில் ஓடுவது. அவுஸ்திரேலியா 241. பற்றறி இறங்க இறங்கப் படம் நாலு பக்கத்தாலும் சுருங்கிக்கொண்டு வரும், நீ கண்டிருக்கிறாய்தானே? அரவிந்த அடிக்க அடிக்க மைதானம் சின்னனாகிக்கொண்டே போனது. வெளிச்சத்தைக் குறைத்தோம், சத்தத்தை அடியோடு நிற்பாட்டி வானொலியை வைத்தோம். அரவிந்த சதம் அடிக்கும்போது ஆள் தீக்குச்சி அளவில்தான் தெரிந்தார். கடைசி அடி அர்ஜுன. அது பந்து போன திசையைப் பார்த்து அல்ல, வானொலியில் சனம் போட்ட சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அரவிந்த 107 ஆட்டமிழக்காமல், அதற்கு முன் மூன்று விக்கெட்டும். யார் வென்றால் எங்களுக்கென்ன என்று பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து வளவு அண்ணர்தான் முதல் ஆளாய்த் துள்ளினார். இருட்டினால் வெளியே நிற்கிற காலமில்லை அது. கதவைச் சாத்திக்கொண்டு தலையணையை அடித்துக் கொண்டாடினோம்.

2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் கேபிள் வந்தது. அதோடு ரிவி என் கையை விட்டுப் போய்விட்டது. சன் ரிவியில் ‘மெட்டி ஒலி’ தொடர் போகிற நேரம் வீட்டில் தேத்தண்ணி கேட்கக் கூடாது. அதில் வருகிற தகப்பன் சிதம்பரத்துக்கு ஐந்து பெண்பிள்ளைகள், எங்களுக்கு ஒன்று. ஆனால் மனுசி அந்த ஐந்துக்கும் சேர்த்துக் கவலைப்பட்டா. ஒரு நாளில் நடக்கிற சண்டையை ஒரு கிழமைக்கு இழுக்கிற வித்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் கதவைத் திறந்தால் நாலு பேருடைய முகத்தைக் காட்டி முடிக்க விளம்பரம் வந்துவிடும். பி. எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ வந்த காலத்தை மட்டும் மன்னிப்பேன். எங்கள் வானொலிக் குரல் சன் ரிவியில் கேட்டதென்றால் இங்கே கடைத்தெருவுக்கே ஒரு நிமிர்வு.

2004 டிசம்பர் சுனாமி வந்தபோது ‘மெட்டி ஒலி’ ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கொஞ்சக் காலம் ஒருவரும் நாடகம் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் செய்தி, அதிலும் கரையோர ஊர்களின் பெயரைத்தான். மனுசி கடைசிப் பகுதிகளைத் தவற விட்டா. 2020 கொரோனா ஊரடங்கில் சன் ரிவி அதைத் திரும்பப் போட்டது. விடாமல் இருந்து பார்த்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து ஒன்றே ஒன்று சொன்னா: ‘இதுக்கா அப்ப அழுதனான்?’

2022இல் பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டு வந்த நாட்களில், பழைய ஆட்களுக்கு எல்லாம் பழகின விஷயமாக இருந்தது. பேரன்தான் தவித்துப்போனான். அவன் பார்க்கிற விதமே வேறு. எதையும் ஒன்றரை வேகத்தில் ஓட விடுவான், முடிவை முதலில் வாசித்துவிடுவான், பிடித்தால்தான் தொடக்கத்துக்குப் போவான். எனக்கு அது விளங்கவில்லை, ஆனால் குறை சொல்லவும் வாய் வரவில்லை. போன கிழமை அவனுக்குப் பிஸ்ஸு பூஸா போட்டுக் காட்டினேன். ஒரு சொல்லும் தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்தான். வேகத்தையும் கூட்டவில்லை. நாளைக்கும் வேண்டுமாம்.

நீ ஓஷினை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். 297 பகுதியும்! சுவிஸில் உனக்கு வேலை குறைவு போல. தயவுசெய்து முடிவை எனக்கு எழுதாதே. நான் இன்னும் அவள் கல்யாணத்துக்கே வரவில்லை, அவசரமும் இல்லை.

ஆடி அமாவாசைக்கு வருவதென்றால் திகதியைச் சீக்கிரம் சொல்லு, கோணேசர் தீர்த்தத்துக்கு வருகிற சனத்தில் வாகனம் பிடிக்க முடியாது. மனுசிக்கு அந்த முழங்கால் எண்ணெய் ரெண்டு போத்தல் கொண்டு வா. சொக்லேட் வேண்டாம், எல்லோருக்கும் சீனி வருத்தம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குக்காரன்