பாதத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காங்கயம் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயதானவர்கள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், "வழுக்கிருச்சு", "தலை சுத்திருச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விழுந்தவரின் பாதம் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கொறங்காட்டில் ஆடு மேய்க்கும் ஆத்தா ஒருவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். குதிகால் பக்கம் தேய்ந்து காகிதமாகிவிட்ட ரப்பர் செருப்பு. அதைத் துளைத்துக்கொண்டு போன வெள்வேல முள் உள்ளங்காலில் முறிந்து நின்றது. சுற்றிலும் சீழ்.

"வலிக்கலீங்களா ஆத்தா?"

"ஒண்ணுந் தெரியிலியே கண்ணு."

முள் குத்தியதே தெரியாத காலுக்குத் தரை ஈரமா, மேடா, படி முடிந்ததா என்பது எப்படித் தெரியும்? பல வருடம் சர்க்கரை இருந்தால் கால் நரம்பு இப்படி மரத்துப்போகலாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். சில நிமிட வேலைதான்.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கால் ஆணி, சதைக்குள் வளரும் நகம், வெடிப்பு எல்லாம் நடையைக் கெடுக்கும். குனிந்து நகம் வெட்ட அவர்களால் முடியாது, பார்வையும் மங்கியிருக்கும். வீட்டில் இருப்பவர்கள்தான் வாரம் ஒருமுறையாவது அவர்கள் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் எருக்கம்பால் வைப்பதும் புண்ணில் கொண்டுபோய் விடும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள் நாம். வேண்டுதலை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கால் மரத்துப்போன பெரியவர்கள் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

அப்புறம் வீடு. காவித் தரையைப் பெயர்த்துவிட்டு மினுமினுக்கும் டைல்ஸ் போடும் பிள்ளைகள், குளிக்கும் பொடக்காலியிலும் கழிவறையிலுமாவது சொரசொரப்பான கல் பதித்து, பிடித்து எழ ஒரு கம்பியும் வையுங்கள். ராத்திரி எழுந்தால் கட்டிலிலேயே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அப்படி வரும்போதெல்லாம் இரண்டு பாதங்களையும் தவறாமல் பார்க்கச் சொல்லி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். கால் மரத்திருப்பது தெரிந்த அன்றே எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்பாடு வேண்டும். புண் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
காங்கயம், திருப்பூர் மாவட்டம்.