புல்லை வளர்த்த பிறகு மாட்டை வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேய்ச்சலை நம்பிச் சிறிய அளவில் மாடு வளர்க்க முன்வருவோருக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளில், எந்த இனத்தை வாங்குவது, கொட்டகையை எப்படிப் போடுவது என்பவையே முன்னால் நிற்கின்றன. அந்த மாடு தின்னப்போகும் புல்லைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசை மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

400 கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு, ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். பசும்புல்லில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், அது 50 முதல் 60 கிலோ பச்சைப் புல்லாகும். நிலத்தில் ஒரு சதுர மீட்டர் புல்லை, அடியில் நான்கு விரற்கடை விட்டு அறுத்து எடைபோட்டுப் பாருங்கள். அரை கிலோ தேறினால், ஒரு பசுவுக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 சதுர மீட்டர் தேவை. மேய்ந்த இடம் மறுபடி தழைக்க 30 நாளாகுமென்றால், ஒரு பசுவுக்கே 3,000 சதுர மீட்டருக்குக் குறையாது. அதுவும் புல் நன்றாக வளரும் பருவத்தில் மட்டுமே.

இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் தொடங்கினேன். நிலம் முழுதும் பச்சையாக இருந்ததை நம்பி, மாடுகளை ஒரே வேலிக்குள் விட்டுவைத்தேன். மாடு நாக்கால் புல்லை வளைத்து இழுத்துப் பறிக்கிறது. சில நாள்களில் அந்தத் தூரில் துளிர் எழுந்ததும், பக்கத்தில் முற்றிய புல் ஆளுயரம் நின்றாலும், அதே தூரைத் தேடி வந்து கடிக்கிறது. இலை இழந்த புல் அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டே மீண்டும் துளிர்ப்பதால், அடுத்தடுத்துக் கடிபட்டால் வேர் குறுகி, தூர் பட்டுப்போகிறது. நல்ல புல் இருந்த இடத்தில் மாடு தொடாத களையே மிஞ்சியது.

பிறகு மாடுகளைக் குறைத்து, நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்தேன். ஒரு கட்டத்தில் மூன்று நாளுக்கு மேல் மேயவிடுவதில்லை. புல் நான்கு விரற்கடை உயரம் எஞ்சும்போதே மாற்றிவிடுகிறேன். திரும்பி வரும் நாளை நாட்காட்டி அல்ல, புல்லின் வளர்ச்சியே தீர்மானிக்க வேண்டும். வறண்ட மாதங்களில் ஓய்வு இரு மடங்கானாலும் பொறுத்திருக்கத்தான் வேண்டும், அதுவரை சேமித்த உலர்தீவனம் கைகொடுக்கும். மாலையில் மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பார்ப்பேன். அது குழிந்து கிடந்தால் அன்று வயிறு நிறையவில்லை. அதே இடம் முரசுபோல் உப்பியிருந்தால் அது வயிற்று உப்புசம், உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். குதிரை மசால் போன்ற பயறுவகைத் தீவனம் பனி ஈரத்தோடு இருக்கையில் பசித்த மாட்டை அதில் விடக்கூடாது என்பது இதனால்தான்.

தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியில், மாட்டினங்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு முன்பாக, புல்லை அளக்கும் முறையையும் அதற்கு ஓய்வு தரும் முறையையும் விளக்கி எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒரு வாசகர்