பிள்ளை ஓடலாமா? ஒரு வரி எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்அப் வண்டி ஓட்டுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே இதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டை. நான்கு வயதில் கோவையில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், நெஞ்சைத் திறந்து ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். அந்த டாக்டர்களுக்கு நான் சாகும்வரை கடன்பட்டவன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, நெஞ்செலும்பு கூடும்வரை கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஆறேழு வாரம் ஓட விடாதீர்கள் என்றார்கள். அந்த ஆறேழு வாரத்தை நான் பத்து வருடமாக்கிவிட்டேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு 140 படி. எட்டு வயது வரை என் தோளில்தான் ஏறினாள். ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று, ‘இதய ஆபரேஷன் ஆன பிள்ளை, விளையாட விடவேண்டாம்’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மூன்று வருடம் விளையாட்டுப் பீரியடில் மற்ற பிள்ளைகள் கழற்றிப் போட்ட ஸ்வெட்டர்களை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“நான் எப்பப்பா கோ-கோ ஆடுறது?” என்று போன வருடம் அவளே கேட்டாள். பள்ளிக்குப் போனேன். டாக்டர் சீட்டு இல்லாமல் முடியாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மைதானத்தில் ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டினேன். மாத்திரை, எக்கோ என்ற இதய ஸ்கேன், அடுத்து வரவேண்டிய தேதி எல்லாம் இருந்தன. பிள்ளை ஓடலாமா கூடாதா என்று ஒரு வரி இல்லை.

ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டுக் கோவைக்குக் கூட்டிப் போனேன். எக்கோ படுக்க வைத்து எடுப்பது, ஓடும்போது இதயம் எப்படித் தாங்குகிறது என்று டிரெட்மில்லில் பார்ப்போம் என்றார் டாக்டர். ஏழாவது நிமிடத்தில் போதும் என்றுவிட்டாள். துடிப்பு சீர், ரத்த அழுத்தம் சரி, ஆக்சிஜன் இறங்கவில்லை. வலித்தது தொடைதான். “இதயத்தை நாங்க அன்னைக்கே சரி பண்ணிட்டோம். காலைத்தான் நீங்க பழக்கல” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஓட்டை முழுதாக அடைபட்டு, நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும் துடிப்பும் நன்றாக இருந்தால் விளையாட்டுக்குத் தடையில்லையாம். 5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடம் உடம்பு வேர்க்க ஆடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குக் கபடி ஆகாது. நீலம் பாரித்துப் பிறந்து ஆபரேஷன் ஆன பிள்ளைக்குச் சோதித்துப் பார்த்து அளவு சொல்லவேண்டும். அப்படிப் பிறந்த அமெரிக்கர் ஷான் ஒயிட் பனிச்சறுக்கில் 3 ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார் என்று டாக்டர் சொன்னபோது என் மகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

மலையில் இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழேயிருந்து சுற்றிப் பார்க்க வரும் வாலிபருக்கே படியேறினால் மூச்சு வாங்கும். இவளுக்கு வாங்கினால் மட்டும் வீடே பதறும். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் பயமில்லை. நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால்!

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது இதுதான். இதய ஆபரேஷன் ஆன ஒவ்வொரு பிள்ளைக்கும், பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், என்ன ஆடலாம், எதை ஆடக்கூடாது, எப்போது நிறுத்தவேண்டும் என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு சீட்டு தாருங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு அதை வாங்கிப் பார்க்கட்டும். ஓரமாக உட்கார வைத்த பிள்ளை இருந்தால் ஏன் என்று கேட்கட்டும்.

எங்களுக்குக் கிடைத்த சீட்டு ஆங்கிலத்தில் மூன்றே வரி. அதைப் பள்ளியில் கொடுத்த அன்றே நான் எழுதிய பழைய கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இப்போது 140 படியையும் நடுவில் ஒரே ஒரு இடத்தில் நின்று ஏறுகிறாள். கோ-கோவில் மட்டும் இன்னமும் சீக்கிரமே அவுட் ஆகிவிடுகிறாள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
கோத்தகிரி.