கீறலையும் சேர்த்தே படம் எடுத்திருக்கிறேன்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போனில் பேசினால் நீ அவசரப்படுத்துவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் கடுதாசி.

உன் ஓட்டல் மாஸ்டர் கேட்ட கத்தி முடிந்துவிட்டது. அலகு லாரி ஸ்பிரிங் பட்டைதான். காந்தம் ஒட்டாமல் போகிற சூடு 770 டிகிரி என்று நீ சொன்னாயே, அதற்கு மேலும் கொஞ்சம் ஊதி எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்தேன். உன் தாத்தா காந்தத்தைத் தொட்டதே இல்லை. பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு இரும்பின் நிறத்தைப் பார்த்தே எடுப்பார். தோய்ச்ச இரும்பு கண்ணாடி மாதிரி, விழுந்தால் நொறுங்கும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்து, வைக்கோல் நிறம் ஏறியதும் எடுத்தேன். அறுப்பு மெஷின் வருவதற்கு முன்னால், குறுவை அறுப்புக்கு அரிவாளில் கருக்குப் பல் வெட்டிக்கொள்ள வாசலில் ஆள் நிற்கும். பழகிய கைதான், அலகில் கஷ்டமில்லை.

உயிரை வாங்கியது கல் பிடி. நம் ஊரில் எங்கே தோண்டினாலும் வண்டலும் களியும்தான். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதானே வந்தது. பக்கத்தில் வல்லத்தில் மட்டும் படிகக்கல் கிடைக்கும். அந்தக் காலத்தில் அதைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள். தாத்தா பெட்டியில் கிடந்த புகை நிறத் துண்டு அந்தக் கல்தான். அரம் போட்டேன், வழுக்குகிறது. இரும்பைவிடக் கல் கெட்டி. வைர வில்லை வாங்கி, தண்ணீர் சொட்டவிட்டுத்தான் அறுத்தேன். அந்தத் தூள் நெஞ்சில் தங்கினால் போகாது என்று அம்மா மூக்கில் துணி கட்டாமல் விடவில்லை. கல்லுக்குள் பார்வை ஊடுருவுகிறதா, ஒட்டிய பசையில் இருந்த குமிழ் எல்லாம் வெளியே தெரிந்தது. பிரித்து, அரால்டைட்டில் விளக்குக் கரியைக் கலந்து மறுபடி ஒட்டினேன். இப்போது ஆற்றுத் தண்ணீரின் ஆழம் மாதிரி இருக்கிறது.

ஆணிக்குத் துளை போடும்போது ஒரு நிமிஷம் தண்ணீர் விடவில்லை. கல் சூடேறி, தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் ஓடிவிட்டது. அந்த நேரம் போன் அடித்தது நீதான், குற்றம் சொல்லவில்லை. பசை உள்ளே இறங்கிக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஆனாலும் கீறல் கீறல்தான்.

படம் எடுத்த கதை தனி. முதல் படத்தில் அலகுக்குள் என் பனியனும் கூரையும்தான் தெரிந்தன. பிறகு ஜன்னலில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டேன், எதிரில் கறுப்புக் குடையை விரித்து வைத்தேன். அலகில் ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் மை. உன் மாமா மகன் கேமராவுக்கு ஏதோ பில்டர் கொண்டுவந்து திருகினான். கல்லின் பளபளப்பு அடங்கியது. இரும்பின் பளபளப்பு அசையவே இல்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கீறலை விரலால் தேய்த்தால் போனிலேயே மறைந்துவிடும் என்றாய். அவன் செய்தும் காட்டினான். எனக்கு ஒப்பவில்லை. கருக்கில் ஒரு பல் குறைந்தால், வாங்குகிறவர் கட்டைவிரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். படத்தை அப்படித் தடவ முடியுமா? சாய்ந்த வெளிச்சத்தில் கீறல் நன்றாகத் தெரிகிற படத்தை முதலாவதாக வைத்திருக்கிறேன். மாஸ்டரிடம் அதையே முதலில் காட்டு. பிடிக்கவில்லை என்றால் பூவரசம் பிடி போட்டு வேறொன்று செய்து தருகிறேன், இதை அம்மா வைத்துக்கொள்ளட்டும்.

பிடித்தது என்றால் அவரிடம் சொல்: கொதிக்கிற தண்ணீரில் போடக்கூடாது, சிமெண்ட் தரையில் விழவிடக்கூடாது, துடைத்ததும் அலகில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்.

மூன்றாவது படத்தின் ஓரத்தில் என் விரல் விழுந்திருக்கிறது. அதை வேண்டுமானால் அழித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா