மகள் தூது போன நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தம்பதியர் கவுன்சலிங் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு ஒரு வாசகர், "வீட்டு விஷயத்தை மூன்றாம் ஆளிடம் போய்ச் சொல்வதா?" என்று எழுதியிருந்தார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன், அதனால் அவர்மேல் கோபம் இல்லை, ஆனாலும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் அடிதடி கிடையாது. நான் ஏதாவது கேட்பேன், என் கணவர் பேசமாட்டார். அவர் பேசாமல் இருக்க இருக்க என் குரல் ஏறும், குரல் ஏற ஏற அவர் இன்னும் இறுகிப்போவார், கடைசியில் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். 11 வருடம் இப்படியே. "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட கேளு" என்று ஒரே வீட்டுக்குள் 9 வயதுப் பிள்ளையைத் தூது அனுப்பியிருக்கிறோம். இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஒருவரை நடுவில் இழுத்துக்கொள்வதை மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் முக்கோணம் என்றார். அந்த மூன்றாம் ஆளாக எங்கள் மகள் இருந்தாள்.

கவுன்சலரிடம் போனபோது, தப்பு யார்மேல் என்று அவர் சொல்லிவிடுவார் என நம்பி மனதுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்ற பிறகுதான் பதில். அவ்வளவுதான். மூன்று முறை முயன்றும் என் கணவர் சொன்னதை என்னால் சரியாகத் திருப்பிச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் பேசும்போதெல்லாம் நான் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவருடைய மௌனத்தை அலட்சியம் என்றே இத்தனை நாளும் எடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் இன்னும் மோசமாகிவிடுமோ என்ற பயம் என்று அன்றைக்குத்தான் சொன்னார். கேட்டதும் அழுதுவிட்டேன்.

சண்டை போடும் தம்பதியரின் இதயத்துடிப்பையே அளந்து ஆராய்ந்தவர் ஜான் காட்மன். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது, குறைந்தது 20 நிமிடமாவது விலகி இருங்கள் என்கிறார். சரி என்று நாங்களும் அதைப் பழகிக்கொண்டோம், ஒரே ஒரு நிபந்தனையோடு: எழுந்து போகிறவர் எப்போது திரும்பி வருவார் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். காத்திருக்கும் எனக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு ஆறுதல் என்று விளக்கத் தெரியவில்லை.

ஒரு செஷனுக்கு மகளையும் அழைத்துப் போனோம். "சொல்ல வேண்டியதை மறந்துட்டா சண்டை வந்துடுமோன்னு பயமா இருக்கும்" என்றாள். இரண்டு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது ஆபத்தாக முடியலாம், கவுன்சலரிடம் மனம்விட்டுப் பேசியதற்கு வீட்டில் அடி விழும். அவர்களுக்கு முதலில் பாதுகாப்பும் தனியான உதவியும்தான் தேவை.

பணவிஷயத்தில் எங்களுக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை, ஒருவேளை கடைசிவரை ஒத்துப்போகாமலே இருக்கலாம். ஆனால் இப்போது நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிறோம். மகள் தூது போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி