அந்தப் பாட்டி கையில் இருப்பது குரோஷா ஊசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று தங்கள் நாளிதழோடு வந்த இணைப்பில் 'பாட்டிகளின் பண்டிகைப் பொழுதுபோக்கு' என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ஆராதனை முடிந்து, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, சாயங்காலம்தான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். படத்தில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர், பக்கத்தில் ஒரு கூடை வண்ண முட்டை, ஒரு முயல் பொம்மை. கீழே 'பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னும் பாட்டி' என்று எழுதியிருந்தது. அந்த அம்மா கையில் இருப்பது குரோஷா ஊசி. ஒற்றை ஊசி, நுனியில் கொக்கி. ஸ்வெட்டர் பின்ன இரண்டு ஊசி வேண்டும். குரோஷாவிலும் ஸ்வெட்டர் போடலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் மடியில் கிடப்பது மேசை விரிப்பு, வட்டமாகத் தெளிவாகத் தெரிகிறது. முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவள் நான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

படம் போகட்டும். எனக்கு உறுத்தியது 'பொழுதுபோக்கு' என்ற சொல்.

எங்கள் வீட்டு ஈஸ்டர், அதற்கு முந்தைய நோன்பு ஆரம்பிக்கும் சாம்பல் புதனன்றே தொடங்கிவிடும். இந்த வருஷம் அது பிப்ரவரி 18. மற்றவர்கள் லெந்து என்கிற அந்த நோன்பு நாட்களில் இறைச்சியை விடுவார்கள், காபியை விடுவார்கள். நான் மத்தியானத் தூக்கத்தை விடுவேன். நாகர்கோவில் கோட்டாற்றில் போய் ஒரே தாகாவிலிருந்து, அதாவது ஒரே துணிச் சுருளிலிருந்து, வெள்ளை கேம்பிரிக் துணி வாங்கி வந்து, ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, தேய்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பேன். ஊறப்போடாமல் வெட்டினால் முதல் சலவையிலேயே சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். 2024இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14 அன்று வந்தது. "பாட்டி, இன்னைக்கு காதலர் தினம், நீங்க துணிய நனைச்சுட்டு இருக்கீங்க" என்று மூத்த பேத்தி ஒரே சிரிப்பு.

ஒரே தாகாவில் குடும்பம் முழுவதும் உடுப்பது தங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த சங்கதிதான். தீபாவளிக்கு அப்படி உடுத்த வீடுகள் எத்தனையோ. எங்களுக்கு அது ஈஸ்டருக்கு. என் அம்மா காலத்தில் சிக்கனத்துக்காக வந்த பழக்கம், இப்போது பிடிவாதத்தால் நிற்கிறது. மருமகன்கள் முதல் இரண்டு வருஷம் முகத்தைச் சுளித்தார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு நெஞ்சுப் பகுதியில் ஸ்மாக்கிங் செய்த கவுன். இதைச் செய்யாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். முடிந்த அகலம் பத்து அங்குலம் வேண்டுமென்றால் முப்பது அங்குலத் துணி எடுக்க வேண்டும். அதில் பென்சிலால் வரிசை வரிசையாகப் புள்ளி குத்தி, புள்ளி புள்ளியாக நூல் ஓட்டி, எல்லா நூலையும் ஒன்றாகப் பிடித்து இழுத்துச் சுருக்கி, அந்த மடிப்புகளின் தலையில் பூத்தையல் போட்டு, கடைசியில் ஓட்டிய நூலை உருவ வேண்டும். உருவிய பிறகும் சுருக்கம் நிற்கும், ரப்பர் போல இழுபடும். பிள்ளை சாப்பிட்டு வயிறு உப்பினாலும் கவுன் இடம் கொடுக்கும். ஒரு கவுனுக்கு எனக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆகிறது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஆசிரியை புத்தி போகாது. இந்த வருஷம் ஐந்து கவுன், நான்கு சட்டை, மூன்று ரவிக்கை. காஜா எல்லாம் கையால்.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிற்றுக்குள் மெஷின் வேலை முடிந்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பெரிய வெள்ளியன்று ஊசி தொடமாட்டோம். இது எந்த வேதத்திலும் இல்லை, அம்மா சொன்னது. ஆணி அடித்த நாளில் இரும்பால் குத்தக் கூடாதாம். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆலயத்தில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம், பிறகு வந்து கஞ்சியும் பயறும். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் யார் இருந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும், கையில் ஒரு துணியைக் கொடுத்து ஹெம்மிங் போட உட்கார வைப்பேன். பெரிய மருமகன் வங்கியில் அதிகாரி. அவர் ஹெம்மிங் இப்போது என்னுடையதைவிட நேர்த்தி. இதை அவர் அலுவலகத்தில் சொல்வதில்லை என்று மகள் சொல்கிறாள்.

விடியற்காலை நாலு மணிக்கு ஆலய மணி அடிக்கும்போது பிள்ளைகள் எல்லாம் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளையில் நிற்பார்கள். ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தியோடு போவோம். என் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார். அவர் போன பிறகு வந்த முதல் ஈஸ்டருக்குக் கைப்பழக்கத்தில் அவர் அளவுக்கும் சேர்த்துத் துணி கேட்டுவிட்டேன். கடைக்காரத் தம்பி கிழித்தும் விட்டார். அந்த இரண்டேகால் மீட்டர் பீரோவில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் ஆப்பமும் ஆட்டிறைச்சியும். மாவு புளிக்க முன்பு கள் ஊற்றுவோம், இப்போது தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டுப் புளிக்க வைக்கிறேன். முட்டை எங்கள் வீட்டில் குழம்பில்தான் கிடக்கும், யாரும் அதற்கு வண்ணம் அடிப்பதில்லை.

முயலுக்கும் எனக்கும் சண்டை ஒன்றுமில்லை. டொராண்டோவில் இருக்கும் சின்னப் பேத்தி சாக்லேட் முட்டை தேடி ஓடுவதை வீடியோவில் பார்த்து நானும் சிரித்தேன். "பாட்டி, உங்க வீட்டு முயல் முட்டைய எங்க ஒளிச்சு வெச்சுச்சு?" என்று கேட்டாள். "மக்களே, இங்க வெயில் தாங்காம முயல் வரல்ல" என்றேன். அவளுக்குத்தான் ஸ்வெட்டர் பின்னுவது. அங்கே ஈஸ்டர் சமயத்தில்கூடக் குளிர் விட்டிருக்காது. இங்கே நாகர்கோவிலில் மின்விசிறிக்கு அடியில், வியர்த்த கையில் கம்பளி நூல் ஒட்ட ஒட்ட, இரண்டு நிட் (நேர்க் கண்ணி) இரண்டு பர்ல் (எதிர்க் கண்ணி) என்று மணிக்கட்டுப் பட்டி போட்டுக்கொண்டிருப்பேன். முதல் வருஷம் கழுத்துச் சிறியதாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்புக்குத் தலை பெரிது என்பதை முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவளே மறந்துபோனேன். பிரித்து, தோளில் மூன்று பொத்தான் வைத்துத் திருப்பிப் போட்டேன். அடுத்த வருஷத்து ஸ்வெட்டரை மகள் வெந்நீரில் மெஷினில் போட்டுவிட்டாள். சுத்தக் கம்பளி, சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. இப்போது ஒரு கரடி பொம்மை அதைப் போட்டிருக்கிறது. அளவு கச்சிதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதில் சந்தோஷம் இல்லையா என்றால் இருக்கிறது. சமையலிலும் இருக்கிறது, அதை யாரும் பொழுதுபோக்கு என்று பக்கம் போடுவதில்லை. எங்கள் ஊரில் ஊசி எப்படி வந்தது என்று அந்தப் பக்கத்தை எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டார்.

நான் 1954இல் பிறந்தபோது எங்கள் பகுதி தமிழ்நாட்டிலேயே இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதற்கும் முன்னால், மன்னர் காலத்தில், எங்கள் நாடார் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்று இருந்தது. தோள்சீலைப் போராட்டம் பற்றித் தங்கள் நாளிதழே எழுதியிருக்கிறது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு தையல் விஷயம். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி ஊசி வேலையும் சொல்லிக் கொடுத்தார். மிஷன் பெண்கள் போட்ட தொளதொளத்த சட்டைக்குக் குப்பாயம் என்று பெயர். அந்தச் சட்டைக்காக அடி வாங்கியிருக்கிறார்கள், சந்தையில் கிழித்திருக்கிறார்கள். 1829இல் ஒரு அரசாணை, அப்புறம் கலவரங்கள், கடைசியில் 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் எல்லோரும் குப்பாயம் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வாலையும் சேர்த்தே விட்டார்கள். அப்போது என் பாட்டியின் பாட்டி சிறுமி. அவளுக்கு அவள் அம்மா தைத்த முதல் குப்பாயத்தை ஈஸ்டருக்குத்தான் போட்டுவிட்டாள் என்று எங்கள் வீட்டில் சொல்லி வருவார்கள். அது வெள்ளை. நாங்கள் இன்றைக்கும் வெள்ளை உடுப்பதற்கு ஆலயத்தில் சொல்லும் காரணம் வேறு, எனக்கு இந்தக் காரணமும் உண்டு.

அதே மால்ட் அம்மையார்தான் ரேந்தை பின்னவும் கற்றுக் கொடுத்தார். ரேந்தை என்றால் லேஸ், போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். அதை விற்ற காசில் பெண்கள் விடுதிப் பள்ளி நடந்தது. அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லைத் திருமணம் செய்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தையும் கூடவே போயிற்று. கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். எலைசா அம்மையாரின் பெயரை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்?

என் அம்மா திண்ணையில் உருண்டைத் தலையணையை மடியில் வைத்து, குண்டூசி குத்தி, மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு ரேந்தை பின்னுவார். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். கெஜக் கணக்கில் கூலி. பிசிறு இருந்தால் வாங்க வருகிறவர் அந்த இடத்தோடு வெட்டிக் கழித்துவிடுவார். அந்தக் கூலியில்தான் நான் தையலில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைத் தேர்வுகளுக்குப் பணம் கட்டினேன். அம்மாவிடம் யாராவது "பொழுது நல்லாப் போகுதா" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத முடியாது.

இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பெண் "சும்மாதானே ஆச்சி இருக்கீங்க, இந்த ரவிக்கைய ஒண்ணு பிரிச்சுத் தச்சுக் குடுங்களேன்" என்று கொண்டு வருகிறாள். பிரித்துத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிடக் கஷ்டம். நூற்றைம்பது ரூபாய் என்றதும் முகம் மாறிவிட்டது. கடையில் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுப்பாள். வீட்டுக்குள் இருந்து வருகிற தையலுக்கு மட்டும் விலை கிடையாது. அந்த எண்ணத்துக்குத்தான் தங்கள் தலைப்பும் உரம் போடுகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 2012இல் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு யாரும் வரவில்லை, தையல் அறை பழைய பெஞ்சு போடும் இடமாகிவிட்டது. அதே வருஷம் அரசுப் பள்ளிகளுக்குத் தையல், ஓவியம், உடற்கல்வி என்று பதினாறாயிரத்துக்கு மேல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. எத்தனை வருஷமாகப் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள் என்பதைத் தங்கள் நிருபர்கள்தான் எழுதினார்கள். அந்தச் செய்தி உள்பக்கத்தில் வந்தது, முயல் வண்ணப் பக்கத்தில் வந்தது.

எனக்குத் திருத்தம் போடச் சொல்லும் எண்ணம் இல்லை. அடுத்த ஈஸ்டர் இணைப்பில் அந்த முயலுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை விட்டுக் கொடுத்தால் போதும். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு இல்லாமல் போன பிள்ளைகள், பையன்களும்தான், பார்த்து வெட்டித் தைக்கிற மாதிரி ஒரு எளிய சட்டை அளவைப் போடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கான மாதிரியைப் பழுப்புத் தாளில் வெட்டி இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். முன்துண்டு ஒன்று, பின்துண்டு இரண்டு, கைத்துண்டு இரண்டு. தையலுக்கு விடும் அரை அங்குலத்தையும் சேர்த்தே வெட்டியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும்போது யாராவது மறுபடியும் அரை அங்குலம் சேர்த்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
நாகர்கோவில்.